ஸ்னூக்கர் மேசை விரிப்பு பச்சையானது ஏன்?

ஸ்னூக்கர் ஆட்டத்தை அறியாதாரும் அதன் மேசையை அறிவர். பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்ட அம்மேசைமீது இறுகப் பரப்பிய பச்சைத் துணியே அதற்கு அடையாளமாய் நிற்கின்றது. அத்துணி பச்சையானது ஏன் என வினவின், பலரும் கூறும் விடை ஒன்றுண்டு. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி தருவது. ஆதலின் நெடுநேரம் உற்றுநோக்கி ஆடும் ஆட்டத்துக்கு அந்நிறம் தெரிந்தெடுக்கப்பட்டது என்பர். கேட்பதற்கு இனிய விடையே. ஆயின் வரலாற்றொடு வைத்து நோக்குமிடத்து, அது பிற்காலத்தார் கற்பித்த காரணமெனவே புலப்படும்.

ஸ்னூக்கர், 1875ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜபல்பூரில், ஆங்கிலப் படை அதிகாரியான நெவில் சேம்பர்லேன் என்பவரால் வகுக்கப்பட்டதென்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. (பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராயிருந்த சேம்பர்லேன் வேறொருவர்.) புதிய ஆட்டத்துக்கெனப் புதிய மேசை அமைக்கப்படவில்லை; ஏலவே இருந்த பில்லியட்ஸ் மேசையே அதற்கும் பயன்பட்டது. எனவே நிறத்தின் தோற்றத்தைப் பில்லியட்ஸ் வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

பில்லியட்ஸ் தொடக்கத்தில் மேசையாட்டமன்று. ஐரோப்பாவின் வடபகுதியில், புற்றரையிலே பந்தைக் கோலால் உந்தி, வளைவினூடு செலுத்தி ஆடிய வெளியரங்க விளையாட்டிலிருந்து கிளைத்தது அது. மழையும் குளிரும் மிக்க நாடுகளில் ஆண்டு முழுதும் வெளியில் ஆடுதல் இயலாமையின், செல்வர் அதனைத் தம் மாளிகைக்குட் கொணர்ந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பிரான்சு மன்னர் பதினோராம் லூயி இத்தகைய மேசையொன்று வைத்திருந்தார். பழைய மேசைகளின்மேல் வளைவும் முளையும் நாட்டப்பட்டிருந்தமை, அவை புற்றரையின் வழிவந்தவை என்பதற்குத் தக்க சான்று. புல் வீட்டினுள் வர இயலாது; அதன் நிறம் வந்தது.

ஈண்டுச் சாயத்தொழிலையும் நினைத்தல் தகும். செயற்கைச் சாயங்கள் 1856க்குப் பின்னரே பெருகின. அதற்கு முன் ஐரோப்பாவிற் கம்பளித் துணிக்கு நல்ல பச்சை ஏற்றுவதற்கு ஒரு சாயம் போதாது. வோட் என்னும் செடி தரும் நீலத்தையும், வெல்ட் என்னும் செடி தரும் மஞ்சளையும் ஒன்றன்மேலொன்றாய் ஊட்டுவர். எளிமையே கருதியிருப்பின், ஒரே சாயத்தில் தோயும் நிறமொன்றைக் கொண்டிருப்பர். இருமுறை தோய்க்கும் நிறத்தை நாடினார் எனின், அது தற்செயலன்று. இத்தகைய துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பேய்ஸ் என்னும் பெயரோ, செம்மை கலந்த கபில நிறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. பெயர் கபிலம், பொருள் பச்சை!

செந்நிறப் பந்துகள் பச்சையில் எடுப்பாய்த் தோன்றும், அதனாலேயே பச்சை என்பார் மற்றொரு சாரார். எடுப்பாய்த் தோன்றுவது மெய்யே. ஆயின் துணி முந்தியது. பதினைந்து செம்பந்துகள் பிந்தியவை. பின்னர் வந்தது முன்னையதற்குக் காரணமாதல் எங்ஙனம்? மேலும், எடுப்பான தோற்றமே நோக்கமாயின், மூன்று புள்ளி பெறும் பச்சைப் பந்தைப் பச்சைத் துணிமீது எவரும் வைத்திரார். அப்பந்து துணியினும் கடும்பச்சையாயிருத்தலாலேயே பிரிந்து தெரிகின்றது. நிறப்பார்வைக் குறைபாடுடைய ஆட்டக்காரருக்கோ செம்பந்தையும் கபிலப் பந்தையும் பிரித்தறிதலே பெரும் இடர். அக்குறைபாடுடைய பீட்டர் எப்டன் 2002இல் உலக வெற்றிவீரரானார் என்பது வியத்தற்குரியது.

இனி, கண்ணின் குளிர்ச்சி பற்றிய கூற்றை முற்றாகத் தள்ளுதலும் பொருந்தாது. பகலொளியில் மனிதக் கண் மிகக் கூர்மையாய் உணர்வது ஏறத்தாழ 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள மஞ்சள்சார்ந்த பச்சையையே. ஆயின் இவ்வுணர்திறனுக்குரிய அளவு சர்வதேச நியமமாய் வகுக்கப்பட்டது 1924இலேதான். மேசைக்குப் பச்சை விரித்த அரண்மனைத் தச்சர் அலைநீளம் அறியார். அந்நிறம் இத்தனை காலம் நிலைத்தமைக்குக் கண்ணின் இயல்பு ஓரளவு துணைசெய்திருக்கலாம். தோன்றியமைக்கு அதனைக் காரணமாக்குதல் முறையன்று.

1969இல் பிபிசி நிறுவனம், நிறத் தொலைக்காட்சியின் சிறப்பைக் காட்டவென்றே ஸ்னூக்கர்ப் போட்டியொன்றை ஒளிபரப்பத் தொடங்கியது. அதே தொலைக்காட்சியின் பொருட்டு, அமெரிக்கரின் பூல் ஆட்டப் போட்டிகள் பலவற்றில் இன்று நீலத் துணி விரிக்கப்படுகின்றது. ஸ்னூக்கர் உலகப் போட்டியோ பச்சையை விடவில்லை. விட்டு நீலத்துக்கு மாறினும், பச்சைப் பந்துக்கு இன்றுள்ள இடர் ஐந்து புள்ளி பெறும் நீலப் பந்துக்கு மாறும், அவ்வளவே.