2017–18 ஐ-லீக் பருவத்தில் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம்

சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஆகும். ஐ-லீக் போட்டித்தொடரில் விளையாடிய முதல் தமிழ்நாட்டுக் கழகம் இதுவே. 2017–18 பருவம் இக்கழகத்தின் இரண்டாவது ஐ-லீக் பருவமாகும். பத்து அணிகள் கொண்ட பட்டியலில் இக்கழகம் 19 புள்ளிகளுடன் எட்டாம் இடம் பெற்று, இரண்டே புள்ளிகள் வேறுபாட்டில் தகுதி இறக்கத்திலிருந்து தப்பியது. அதற்கு அடுத்த பருவத்தில் இதே கழகம் வாகையர் பட்டம் வென்றதால், இப்பருவம் இந்தியக் கால்பந்து வரலாற்றில் தனிக் கவனம் பெறுகிறது. பட்டியலின் அடிப்பகுதியில் போராடும் ஓர் அணியின் பருவம் எவ்வாறு அமைகிறது என்பதையும், லீக் முறையில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வாறு மதிப்புப் பெறுகிறது என்பதையும் விளக்க இது தக்க எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

ஐ-லீக் 2007 ஆம் ஆண்டில், முன்பிருந்த தேசியக் கால்பந்து லீகுக்கு மாற்றாகத் தொடங்கப்பட்டது. தேசிய லீகில் சென்னையின் இந்தியன் வங்கி அணி சில பருவங்கள் விளையாடியிருந்தது. ஆனால் ஐ-லீக் தொடங்கிய பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தமிழ்நாட்டிலிருந்து எந்த அணியும் அதில் இடம்பெறவில்லை. 2016 ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாப் ஆகிய இரு கழகங்களுக்கும் நேரடி நுழைவு வழங்கப்பட்டது. பருவம் 2017 சனவரியில் தொடங்கியதால், அணியைத் திரட்டுவதற்குச் சில வாரங்களே கிடைத்தன. முதல் பருவத்தில் சென்னை சிட்டி எட்டாம் இடத்தில் முடித்தது.

கழகத்தின் பெயர் சென்னையைக் குறித்தாலும், அதன் தாயக ஆட்டங்கள் கோயம்புத்தூரில் உள்ள நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றன. இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு உள்ளது.

தகுதி இறக்கம்

லீக் முறையில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் இரு முறை மோதும். ஒரு முறை தன் தாயக அரங்கிலும், மறு முறை எதிரணியின் அரங்கிலும். எனவே பத்து அணிகள் இருந்தால் ஓர் அணிக்கு 18 ஆட்டங்கள் அமையும். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்குப் புள்ளி இல்லை.

பருவத்தின் முடிவில் மேல்பிரிவின் கடைசி அணியை அல்லது அணிகளைக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்புவது தகுதி இறக்கம் எனப்படும். கீழ்ப்பிரிவில் வென்ற அணி அவ்விடத்திற்கு வருவது தகுதி உயர்வு எனப்படும். இங்கிலாந்தில் 1888 ஆம் ஆண்டில் கால்பந்து லீக் தொடங்கப்பட்டு, 1892 இல் அதற்கு இரண்டாம் பிரிவு சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் மேல்பிரிவின் கடைசி அணிகளும் கீழ்ப்பிரிவின் முதல் அணிகளும் தனியே மோதி இடத்தைத் தீர்மானித்தன. 1898 இல் இது நேரடி மாற்றமாக்கப்பட்டது. இம்முறையால், பட்டம் வெல்லும் வாய்ப்பை இழந்த அணிகளுக்கும் பருவத்தின் கடைசி நாள் வரை ஆட்டங்கள் பொருளுடையனவாக இருக்கின்றன.

கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் கழகம் விளம்பர வருவாயையும் தொலைக்காட்சி வெளிச்சத்தையும் பெருமளவு இழக்கிறது. திறமையான வீரர்கள் வேறு அணிகளுக்குச் செல்வர். சிறிய கழகங்கள் இதனால் கலைந்துபோவதும் உண்டு.

2017–18 பருவத்தில் பத்து அணிகளுள் ஒன்றான இந்தியன் ஏரோஸ், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இளம் வீரர்களைக் கொண்டு அமைத்த வளர்ச்சி அணியாகும். அதற்குத் தகுதி இறக்கம் பொருந்தாது. எனவே ஏனைய ஒன்பது கழகங்களுள் கடைசியாக வரும் கழகமே இறங்க வேண்டும் என்ற நிலை இருந்தது.

பருவத்தின் போக்கு

வி. சௌந்தரராசன் பயிற்றுனராக இருந்த சென்னை சிட்டி, நவம்பர் 29, 2017 அன்று கோவாவில் இந்தியன் ஏரோஸ் அணியைச் சந்தித்தது. ஏரோஸ் அணியில் பெரும்பாலோர், சில வாரங்களுக்கு முன் இந்தியாவில் நடைபெற்ற 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தில் ஆடிய சிறுவர்கள். அவ்வாட்டத்தில் சென்னை சிட்டி 0–3 என்ற கோல் கணக்கில் தோற்றது. அனுபவமுள்ள வீரர்களையும் வெளிநாட்டு வீரர்களையும் கொண்ட ஒரு கழகத்திற்கு இது கடினமான தொடக்கமாக அமைந்தது.

சனவரி 2, 2018 அன்று கொல்கத்தாவில் நடைபெற்ற ஆட்டத்தில் சென்னை சிட்டி, மோகன் பகான் அணியை 2–1 என்ற கணக்கில் வென்றது. மோகன் பகான் 1889 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துக் கழகங்களுள் ஒன்றாகும். 2014–15 பருவத்தில் அவ்வணிக்கு ஐ-லீக் பட்டம் பெற்றுத்தந்த பயிற்றுனர் சஞ்சய் சென், இத்தோல்வியைத் தொடர்ந்து பதவி விலகினார்.

இவ்வெற்றி அணியின் நிலையை மாற்றிவிடவில்லை. பிப்ரவரி 24, 2018 அன்று அதே கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் சென்னை சிட்டி 1–7 என்ற கணக்கில் தோற்றது. ஈஸ்ட் பெங்கால் அணியின் நைசீரிய முன்கள வீரர் டூடு ஒமாக்பெமி அவ்வாட்டத்தில் நான்கு கோல்கள் அடித்தார்.

இறுதி நாள் மார்ச் 8, 2018. அன்று பஞ்ச்குலாவில் மினர்வா பஞ்சாப் அணியும் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியும் மோதின. மினர்வாவுக்கு அது பட்டத்திற்கான ஆட்டம்; சர்ச்சிலுக்கு அது பிழைப்பதற்கான ஆட்டம். சர்ச்சில் வென்றிருந்தால் அதன் புள்ளிகள் 20 ஆகியிருக்கும். 19 புள்ளிகள் பெற்ற சென்னை சிட்டி அதற்குக் கீழே தள்ளப்பட்டிருக்கும். மினர்வா 1–0 என்ற கணக்கில் வென்று வாகையர் ஆனது. இவ்வாறு பட்டத்தையும் தகுதி இறக்கத்தையும் ஒரே ஆட்டம் தீர்மானித்தது. சென்னை சிட்டியின் எதிர்காலம் அதன் வீரர்கள் எவரும் ஆடாத ஓர் ஆட்டத்தில், 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் முடிவு செய்யப்பட்டது.

இறுதிப் புள்ளிப் பட்டியல்

(ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டங்கள்)

| இடம் | அணி | வெற்றி | சமநிலை | தோல்வி | அடித்த கோல் | வாங்கிய கோல் | புள்ளிகள் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | மினர்வா பஞ்சாப் | 11 | 2 | 5 | 24 | 16 | 35 |
| 2 | நெரோகா | 9 | 5 | 4 | 20 | 13 | 32 |
| 3 | மோகன் பகான் | 8 | 7 | 3 | 28 | 14 | 31 |
| 4 | ஈஸ்ட் பெங்கால் | 8 | 7 | 3 | 32 | 19 | 31 |
| 5 | ஐசால் | 6 | 6 | 6 | 21 | 18 | 24 |
| 6 | சில்லாங் லஜோங் | 6 | 4 | 8 | 17 | 25 | 22 |
| 7 | கோகுலம் கேரளா | 6 | 3 | 9 | 17 | 23 | 21 |
| 8 | சென்னை சிட்டி | 4 | 7 | 7 | 15 | 24 | 19 |
| 9 | சர்ச்சில் பிரதர்ஸ் | 5 | 2 | 11 | 17 | 28 | 17 |
| 10 | இந்தியன் ஏரோஸ் | 4 | 3 | 11 | 13 | 24 | 15 |

பட்டியல் தரும் செய்திகள்

சென்னை சிட்டியை விட ஓர் ஆட்டம் கூடுதலாக வென்றும், இரண்டு கோல்கள் கூடுதலாக அடித்தும், சர்ச்சில் பிரதர்ஸ் கீழே நின்றது. காரணம் சமநிலைகள் ஆகும். சென்னை சிட்டி ஏழு ஆட்டங்களைச் சமநிலையில் முடித்து ஏழு புள்ளிகள் சேர்த்தது. சர்ச்சில் இரண்டை மட்டுமே சமநிலையில் முடித்தது. வெற்றிக்கு மூன்று புள்ளிகள் தரும் முறையில் சமநிலை குறைவாக மதிக்கப்படுகிறது என்று கூறப்படுவதுண்டு. ஆனால் பட்டியலின் அடியில் உள்ள அணிக்குத் தோல்வியைத் தவிர்ப்பதே முதற்பணியாகிறது. ஆறாம், ஏழாம் இடங்களைப் பெற்ற அணிகளைக் காட்டிலும் சென்னை சிட்டி குறைந்த ஆட்டங்களிலேயே தோற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் மறுபக்கமும் உண்டு. சமநிலையில் முடிந்த ஏழு ஆட்டங்களுள் இரண்டை வென்றிருந்தால் கூடுதலாக நான்கு புள்ளிகள் கிடைத்து, அணி 23 புள்ளிகளுடன் ஆறாம் இடத்தை எட்டியிருக்கும். பிழைப்பதற்கும் நடுப்பகுதியில் நிற்பதற்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒன்றிரண்டு கோல்களே.

கோல் கணக்கும் கவனமாகப் படிக்கப்பட வேண்டியது. சென்னை சிட்டி வாங்கிய 24 கோல்களில் 10 கோல்கள் இரண்டே ஆட்டங்களில், அதாவது இந்தியன் ஏரோஸ் (3), ஈஸ்ட் பெங்கால் (7) ஆகியவற்றுக்கு எதிராக வந்தவை. மீதி 16 ஆட்டங்களில் அவ்வணி 14 கோல்கள் அடித்து 14 கோல்களே வாங்கியது. ஒட்டுமொத்தக் கோல் வேறுபாடு மட்டும் ஓர் அணியின் உண்மையான நிலையைக் காட்டாது என்பதற்கு இது சான்றாகும். அணியின் குறை தற்காப்பில் இருந்ததை விட, கோல் அடிப்பதில் இருந்தது. 18 ஆட்டங்களில் 15 கோல்கள் என்பது ஆட்டத்திற்கு ஒன்றுக்கும் குறைவு.

பின்விளைவுகள்

சர்ச்சில் பிரதர்ஸ் தகுதி இறக்கம் பெற்றாலும், பின்னர் கூட்டமைப்பு அக்கழகத்தை மீண்டும் லீகில் சேர்த்தது. அதனால் 2018–19 பருவத்தில் 11 அணிகள் விளையாடின. இந்தியாவில் இதற்கு முன்னும் இவ்வாறு நிகழ்ந்துள்ளது. 2015–16 பருவத்தில் தகுதி இறக்கம் பெற்ற மிசோரமின் ஐசால் கழகம், கோவாக் கழகங்கள் விலகியதால் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2016–17 பருவத்தில் பட்டத்தை வென்றது.

சென்னை சிட்டியின் நடுக்கள வீரரும் குமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்தவருமான மைக்கேல் சூசைராஜ், 2018 இல் சாம்செட்பூர் கழகத்தில் இணைந்தார். கழகம் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசைப் பயிற்றுனராக அமர்த்தி, எசுப்பானியாவிலிருந்து வீரர்களைக் கொணர்ந்தது. அவர்களுள் முன்கள வீரர் பெத்ரோ மான்சி 2018–19 பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். முந்தைய பருவத்தில் முழு அணியும் அடித்த கோல்களை விட இது கூடுதலாகும். எட்வின் சிட்னி வான்சுபால், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ், சூசைராசின் சகோதரர் மைக்கேல் ரெஜின் முதலிய தமிழக வீரர்களும் அவ்வணியில் விளையாடினர்.

மார்ச் 9, 2019 அன்று கோயம்புத்தூரில் நடைபெற்ற இறுதி நாள் ஆட்டத்தில் சென்னை சிட்டி, தொடக்கத்திலேயே ஒரு கோல் பின்தங்கியபோதும், மினர்வா பஞ்சாபை 3–1 என்ற கணக்கில் வென்றது. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் பெற்று, ஈஸ்ட் பெங்காலை ஒரு புள்ளியால் முந்தி வாகையர் ஆனது. ஐ-லீக் பட்டம் வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் என்ற பெருமையும் அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் இக்கழகத்தில் 26 விழுக்காடு பங்குகளைப் பெற்றது.

எனினும் இவ்வெற்றி நிலைக்கவில்லை. 2019–20 முதல் இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலை லீகாக ஏற்கப்பட்டது. ஐ-லீக் வாகையருக்கு அங்கு தகுதி உயர்வு வழங்கும் வழக்கம் 2022–23 பருவத்திலேயே தொடங்கியது. எனவே 2019 இன் பட்டம் சென்னை சிட்டிக்கு அவ்வாயிலைத் திறக்கவில்லை. கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2020–21 பருவம் முழுவதும் மேற்கு வங்காளத்தில் நடைபெற்றது. அதில் சென்னை சிட்டி பட்டியலின் கீழ்ப்பாதியில் இடம்பெற்றது. 2021–22 முதல் இக்கழகம் ஐ-லீகில் விளையாடவில்லை. ஆடுகளத்தில் ஒரு முறையும் தகுதி இறக்கம் பெறாத இக்கழகம், பட்டம் வென்ற மூன்றாம் ஆண்டில் லீகிலிருந்து மறைந்தது.

தமிழ்நாட்டில் கழகக் கால்பந்து

2018 மார்ச் மாதத்தில் தமிழகக் கால்பந்து இருவேறு நிலைகளைக் கண்டது. மார்ச் 8 அன்று சென்னை சிட்டி தகுதி இறக்கத்திலிருந்து தப்பியது; ஒன்பது நாட்கள் கழித்து, மார்ச் 17 அன்று சென்னையின் எஃப்.சி. எனப்படும் மற்றொரு சென்னைக் கழகம், பெங்களூரு அணியை 3–2 என்ற கணக்கில் வென்று இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தைப் பெற்றது.

இவ்விரு கழகங்களும் சென்னை, கோயம்புத்தூர் நகரங்களில் ஆடின. மாநிலத்தின் நடுவே அமைந்த திருச்சிராப்பள்ளியிலிருந்து இதுவரை எந்தக் கழகமும் ஐ-லீகில் விளையாடியதில்லை. திருச்சி, திருவரங்கம் பகுதி ரசிகர்களுக்குச் சென்னை சுமார் 320 கிலோமீட்டர் தொலைவிலும், கோயம்புத்தூர் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவிலும் உள்ளன. ஆகவே பெயரில் சென்னையைக் கொண்ட கழகத்தின் தாயக ஆட்டங்கள், சென்னை ரசிகர்களை விடத் திருச்சி ரசிகர்களுக்கு அருகில் நடைபெற்றன.

திருச்சியில் விளையாட்டுக்கு நிறுவனப் பின்புலம் இல்லாமலில்லை. நகரில் அண்ணா விளையாட்டரங்கம் உள்ளது. 1928 இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம்பெயர்ந்த தொடர்வண்டிப் பணிமனை பெருந்தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை உருவாக்கியது. இந்தியாவில் தொடர்வண்டித்துறை, வங்கிகள், காவல்துறை முதலியன வீரர்களுக்கு வேலை அளித்து அணிகளை நடத்தி வந்துள்ளன. தொடர்வண்டித்துறை அணி 1960களில் மூன்று முறை சந்தோஷ் கிண்ணத்தை வென்றது. இவ்வகைத் துறை அணிகளில், அணி தோற்றாலும் வீரரின் வேலை நிலைத்திருந்தது. தொழில்முறைக் கழகத்தில் வீரரின் வருவாய் ஒப்பந்தக் காலத்தோடு முடிவடைகிறது. ஒரு மாவட்டத்து இளைஞர் கால்பந்தைத் தொழிலாகக் கொள்வாரா என்பதை இவ்வேறுபாடு பெரிதும் தீர்மானிக்கிறது. சென்னை சிட்டி லீகிலிருந்து விலகியபோது, தமிழக வீரர்கள் தங்கள் மாநிலத்திலேயே தேசிய லீகில் ஆடுவதற்கு இருந்த இரு வாயில்களில் ஒன்று அடைபட்டது.