இல்லாத கணினிக்கு எழுதிய கேம்

திரைக்குள் ஓடும் எஞ்சின் – 7

எண்பதுகளில் ஒரு கேம் நன்றாக விற்றால், அடுத்த கணினிக்காக அதை இன்னொருவர் ஏறக்குறைய முதல் வரியிலிருந்து திரும்ப எழுதுவார். பிராசஸர் வேறு, படம் வரையும் சிப் வேறு, மெமரி வேறு. பெரும்பாலோருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

பிரான்ஸில் எரிக் ஷாயி 1989-ல் ‘அனதர் வேர்ல்டு’ கேமை ஏறத்தாழ தனியாளாகத் தொடங்கினார். மேசையில் இருந்தது அமிகா 500. ஆனால் கதை நடக்கும் பகுதியை அவர் அமிகாவின் மொழியில் எழுதவில்லை. எங்குமே இல்லாத ஒரு கணினியை மனதில் கட்டி, அதற்கு எழுதினார். அந்தக் கணினிக்குத் தெரிந்த கட்டளைகள் முப்பதுக்கும் குறைவு. எண்ணை வைத்துக்கொள், கூட்டு, பலகோணத்தை வரை, ஒலி எழுப்பு, வரைந்ததைத் திரையில் காட்டு... இந்த வகைதான். ஒரே நேரத்தில் 64 பணிகள் வரை ஓடலாம். நாயகன் லெஸ்டர் ஓடுவதும் காவலன் சுடுவதும் இந்தக் கட்டளைகளால் ஆன பைட்கோட்தான். காட்சிகளும் பெரும்பாலும் 16 நிறங்களில் பலகோணங்களாகவே இருந்தன. ஆகவே இன்னொரு மெஷினுக்குப் போக, இந்தக் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் சின்ன நிரலை அங்கே எழுதினால் போதும். கேமைத் தொட வேண்டாம்.

அந்தச் சின்ன நிரல்தான் ஆளை வாட்டியது. சூப்பர் நின்டெண்டோவில் திரை 8×8 புள்ளிக் கட்டங்களாகச் சேமிக்கப்படும். பலகோணத்துக்குள் ஒரு கோடு நிறம் நிரப்புவதே சுற்றுவழி. அந்தப் பணி நிரலாளர் ரெபெக்கா ஹைன்மன் கைக்கு வந்தது. வேகமான கார்ட்ரிட்ஜ் கேட்டார். விலை கூடும் என்று கேமை வெளியிட்ட நிறுவனம் மறுத்துவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிராசஸர் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது, மலிவான கார்ட்ரிட்ஜிலிருந்து கட்டளை படிக்கும்போது 2.68-க்கு இறங்கிவிடும். தகவலை மொத்தமாக நகர்த்த பிராசஸரில் ஒரு கட்டளை உண்டு, மூன்றே பைட். ஒவ்வொரு பைட்டை நகர்த்தும்போதும் பிராசஸர் அந்த மூன்றையும் மறுபடி படிக்கும். பிராசஸரின் உதவியின்றித் தகவலை நகர்த்தும் டி.எம்.ஏ. பகுதியின் ரெஜிஸ்டர்கள் (சிறு சேமிப்பிடங்கள்) முழு வேகத்தில் படிக்கக் கிடைப்பதை ஹைன்மன் கவனித்தார். கட்டளையைத் தூக்கி அங்கே வைத்து, அங்கிருந்தே ஓடவிட்டார். நிரல் வைப்பதற்கென்று யாரும் அமைத்த இடமல்ல அது!

இப்படி ஒருவர் உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டிய இடம் ஒன்றிரண்டோடு நின்றதற்குக் காரணம், ஷாயியின் கட்டளைப் பட்டியல் சிறியதாக இருந்ததுதான் என்பேன். அதில் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு கட்டளையையும் எல்லா மெஷினிலும் யாரோ ஒருவர் திரும்ப எழுத வேண்டியிருந்திருக்கும். பிற்காலத்தில் ஆர்வலர்கள் அந்த பைட்கோடைப் பிரித்துப் படித்து, கேம்பாய் அட்வான்ஸ் வரை கொண்டுபோனார்கள். கேம் வெளியான 1991-ல் அந்தக் கருவி பிறக்கவே இல்லை.

ஷாயிக்கு முன்பே, 1987-ல், லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் ரான் கில்பர்ட் இதே திசையில் நடந்திருந்தார். அவருடைய ‘ஸ்கம்’ பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)