கணக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வா? பில் கட்டோடு தயாராகுங்கள்



நம் அறக்கட்டளையின் கல்வி உதவியில் பி.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளைகள் பலர் இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். சமுதாயம் கொடுத்த பணம் கல்விக் கட்டணமாகி, கட்டணம் பட்டமாகிவிட்டது. அந்தப் பட்டம் சம்பளமாக மாறினால்தான் அந்த வீடு அடுத்த வருடம் உதவி கேட்டு விண்ணப்பம் எழுதாமல் இருக்கும். இடையில் நிற்பது அரை மணி நேர நேர்முகத் தேர்வு. அதற்கு எப்படித் தயாராவது என்பதை இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

தேர்வாகாமல் திரும்பும் பிள்ளைகளிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "கேள்வியெல்லாம் தெரிந்ததுதான், ஆனால் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொன்னார்கள்." விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் நிறுவனமாகட்டும், மண்ணடி மொத்த வியாபாரியாகட்டும், ஆடிட்டர் அலுவலகமாகட்டும், கணக்காளரைத் தேடுபவருக்கு வரையறைகள் தேவையில்லை. மேஜை மேல் இருக்கும் பில் கட்டை நாளைக் காலை இந்தப் பிள்ளையிடம் கொடுத்தால் மாலையில் சரியாக முடித்துத் தருமா என்பதுதான் அவர் கவலை. எனவே தயாரிப்பும் படிப்பதாக இல்லாமல், செய்வதாக இருக்க வேண்டும்.

முதலில் டேலி. சான்றிதழ் வைத்திருப்பவர்கள்கூடத் தடுமாறுவது சிறிய இடங்களில்தான். கடைப் பணத்தை வங்கியில் கட்டினால் எந்த வவுச்சர்? கான்ட்ரா, எஃப்4. பேமென்ட் எஃப்5, ரசீது எஃப்6, ஜர்னல் எஃப்7, விற்பனை எஃப்8, கொள்முதல் எஃப்9 என்பது விரலில் இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் அது சரக்குக் கொள்முதல் அல்ல, நிலைச் சொத்து. கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் வாடகைச் செலவு அல்ல, திரும்ப வரவேண்டிய டெபாசிட். உரிமையாளர் கடையிலிருந்து வீட்டுக்குச் சரக்கு எடுத்துப்போனால் அது விற்பனை அல்ல, அவருடைய எடுப்பு. அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும் திருப்ப வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை முதலாளிகள் விரும்பிக் கேட்கிறார்கள். அவர்கள் கடையில் தினமும் நடப்பது அதுதானே.

அடுத்து ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் இந்த வரியில் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான், அதைப் பல வேடங்களில் கேட்பார்கள். திருச்சிக் கடைக்காரர் சென்னையிலிருந்து 1,00,000 ரூபாய்க்கு 18 சதவீத வரிச் சரக்கு வாங்குகிறார். மத்திய வரி 9,000, மாநில வரி 9,000. அதே சரக்கு பெங்களூரிலிருந்து வந்தால் ஒருங்கிணைந்த வரியாக 18,000. சென்னையில் வாங்கியதைத் திருச்சியிலேயே 1,20,000-க்கு விற்றால் வசூலிக்கும் வரி 21,600. ஏற்கெனவே கட்டிய 18,000-ஐக் கழித்துவிட்டு 3,600 கட்டினால் போதும். இதைக் காகிதத்தில் போட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மாதாந்தர விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரி கட்டும் 3பி 20-ஆம் தேதிக்குள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நாம் வாங்கிய பில்லை விற்றவர் காட்டியிருக்கிறாரா என்பதை 14-ஆம் தேதி உருவாகும் 2பி-யோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒப்பிடும் வேலையை எக்செலில் செய்துகாட்டத் தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் மதிப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை. அண்ணனோ அக்காவோ கொடுத்த பழைய நோட்டை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டுப் போகாதீர்கள். வரி விகிதம் கேட்டால் இன்னும் 5, 12, 18, 28 என்று ஒப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18-க்குள் வந்துவிட்டன. புகையிலை போன்ற சில கணக்குகள் தனி, சில ஆடம்பரப் பொருட்களுக்கு 40. வருமான வரியிலும் அப்படித்தான். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. டி.டி.எஸ். என்றதும் 194சி, 194ஜே என்று சொல்லிப் பழகியவர்கள், சம்பளம் தவிர்த்த பிடித்தங்கள் இப்போது 393-ஆம் பிரிவில் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய எண்ணையும் சொல்லிப் புதியதையும் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் செலுத்துவது என்ற வழக்கத்தையும், மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வங்கிச் சமரசப் பட்டியலைப் பலர் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள். நம் ரொக்கப் புத்தகத்தில் வங்கி இருப்பு 85,000. நாம் கொடுத்த 12,000 ரூபாய்க் காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை. வங்கி பிடித்த கட்டணம் 500-ஐ நாம் எழுதவில்லை. பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கும்? 85,000-உடன் 12,000 கூட்டி 500 கழித்தால் 96,500. பதிலைவிட அவர் கவனிப்பது, அந்த 500-ஐ நம் புத்தகத்தில் எழுத வேண்டும், 12,000-க்கு எதுவும் எழுத வேண்டியதில்லை என்று நீங்களாகவே சொல்கிறீர்களா என்பதைத்தான்.

அலுவலக நிர்வாக வேலை என்றால் கணக்கு மட்டும் போதாது. வரும் தபால், போகும் தபால் பதிவேடு, வருகைப் பதிவு, சில்லறைச் செலவுப் பெட்டி, கோப்புகளை ஒழுங்காக வைப்பது எல்லாம் உங்கள் தலையில்தான். பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு மரியாதை கெடாமல் நினைவூட்டிக் கடிதம் எழுதச் சொல்வார்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எழுதிப் பழகியிருந்தால் போதும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பி.எஃப். ஊழியர் பங்கு 12 சதவீதம். இ.எஸ்.ஐ.யில் ஊழியர் 0.75, நிறுவனம் 3.25 சதவீதம், மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும்.

"அனுபவம் இருக்கிறதா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் சிலர் தெரிந்த கடையில் இரண்டு வருட அனுபவச் சான்று எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். இது நமக்கு உடன்பாடில்லை. பொய் சொல்வது கூடாது என்பது ஒருபுறம். கணக்குப் பெட்டிச் சாவியை ஒப்படைக்கப்போகிறவர் முதலில் சோதிப்பதே நம்பகத்தைத்தான். ஒரு தொலைபேசி அழைப்பில் குட்டு வெளிப்பட்டுவிடும். அதன்பின் அந்த வட்டாரத்தில் அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல, அதே ஊரிலிருந்து அடுத்து வருபவருக்கும் கதவு பாதிதான் திறக்கும்.

உண்மையில் நம் பிள்ளைகளிடம் அனுபவம் இல்லாமல் இல்லை. அதை அனுபவம் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். ரமளானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக் கணக்கு எழுதியவர் எத்தனை பேர்! அரசு தரும் அரிசி இத்தனை கிலோ வந்தது, தினமும் இவ்வளவு போனது, மீதி இவ்வளவு என்பது சரக்கு இருப்புக் கணக்கு. நன்கொடைக்கு ரசீது போட்டது, கறி, மளிகை, விறகுக்கு வவுச்சர் வாங்கி வைத்தது, பெருநாளுக்குப் பிறகு ஜமாஅத் கூட்டத்தில் கணக்கு வாசித்தது எல்லாமே கணக்காளர் வேலைதான். வாப்பாவின் கடையில் கடன் நோட்டைப் பார்த்துக்கொண்டதும், பாக்கிப் பட்டியல் எடுத்து வசூலுக்குப் போனதும் அப்படித்தான். இதை விண்ணப்பத்தில் உள்ளபடி எழுதுங்கள். "வேலை அனுபவம் இல்லை, ஆனால் முப்பது நாள் கணக்கை நானே எழுதி, ரூபாய் குறையாமல் ஒப்படைத்திருக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளையை எந்த முதலாளியும் இன்னும் இரண்டு கேள்வி கேட்பார்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், சாட்சி வையுங்கள் என்று கற்பிக்கும் அல்பகரா 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பது நீங்கள் அறிந்ததே. கணக்கெழுதுவது நமக்கு அந்நியமான தொழில் அல்ல.

வட்டியைப் பற்றி முன்பே முடிவெடுங்கள்

பெற்றோர் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் விஷயம் இது. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் எல்லோரையும் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அப்படியிருக்கக் கணக்காளர் வேலைக்குப் போகலாமா? வட்டிக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிதி நிறுவனத்தில் கடன் பத்திரம் எழுதும் வேலை ஒரு வகை. தோல், ஜவுளி, மளிகை வியாபாரம் செய்யும் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கில் வங்கி வட்டி என்று ஒரு வரி வருவது வேறு வகை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது என்பது நம் எண்ணம். ஆனால் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. வேலையின் தன்மையை உள்ளபடி எடுத்துச் சொல்லி ஆலிம்களிடம் கேளுங்கள். கேட்பதை விண்ணப்பிக்கும் முன் கேளுங்கள். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்துகொண்டு தடுமாறுவதும், சேர்ந்து ஒரு மாதத்தில் விலகுவதும் யாருக்கும் நல்லதல்ல.

இன்னொன்றிலும் முன்கூட்டியே தெளிவு வேண்டும். "சரக்கு வராமல் பில் மட்டும் வாங்கிப் போடச் சொன்னால் என்ன செய்வாய்?" என்று சில இடங்களில் கேட்கிறார்கள். சிலர் சோதிக்கக் கேட்கிறார்கள், சிலர் உண்மையாகவே அந்த ஆளைத்தான் தேடுகிறார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றே: செய்ய மாட்டேன். இப்படி வரி வரவு எடுப்பது ஜி.எஸ்.டி. சட்டத்தில் சிறை வரை போகும் குற்றம். இதைச் சொன்னதால் வேலை கிடைக்கவில்லை என்றால் அந்த இடம் தவறிப்போனதற்காக அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள்.

ஜும்ஆ நேரம், தொழுகை இடைவேளை பற்றிப் பேச வேண்டுமானால், சம்பளம் பேசும் கட்டத்தில் பேசுங்கள். "வெள்ளிக்கிழமை மதியம் இவ்வளவு நேரம் தேவைப்படும், அதை மாலையில் ஈடுசெய்கிறேன்" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். சகோதரிகளிடம் திருமணம், குழந்தை பற்றிக் கேட்பது முறையல்ல என்றாலும் கேட்கிறார்கள். கோபப்படாமல், "வேலை நேரத்துக்கு வர வீட்டில் ஏற்பாடு இருக்கிறது" என்று முடித்துக்கொள்ளலாம். திருமணத்துக்கு முன் வாட் காலத்தில் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் திரும்ப வர நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: பற்று வரவு மாறவில்லை. ஜி.எஸ்.டி., இ-வே பில், இப்போதைய டேலி மூன்றையும் இரண்டு மாதம் பழகினால் உங்களுக்குத் தெரிந்த மற்றதெல்லாம் கூடவே வந்துவிடும். (டை கட்ட வேண்டுமா என்று தம்பிகள் கேட்கிறார்கள். தேய்த்த முழுக்கைச் சட்டை போதும்.)

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்த ஊரில் அதே வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று முன்பே விசாரித்து ஒரு தொகை சொல்லுங்கள். பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்படைக்க வேண்டாம். வேலைக்காக முன்பணம் கேட்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வளைகுடா வேலைக்கு வீடியோவில் நேர்காணல் நடக்கிறது. அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீத வாட், சவூதியில் 2020 ஜூலை முதல் 15 சதவீதம் என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். அமீரகத்தில் இப்போது 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீத நிறுவன வரியும் உண்டு. முகவர் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

மாதிரி நேர்முகத் தேர்வு நம் அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், நடக்கும். சகோதரிகளுக்குத் தனி நேரம், கேள்வி கேட்பவர்களும் சகோதரிகளே. விண்ணப்பப் படிவம் கொண்டுவர வேண்டாம். வீட்டிலோ கடையிலோ உள்ள பழைய பில்கள் இருபது, ஒரு மாத வங்கி அறிக்கை இரண்டையும் கொண்டுவாருங்கள். பெயர்களை மறைத்துவிடுங்கள். உட்கார்ந்ததும் டேலியைத் திறந்து அவற்றைத்தான் போடச் சொல்வோம்.