றக்பி ஆட்டத்தின் 'ஸ்கிரம்': வலிமையை நெறிப்படுத்தும் விதிகள்

வலிமையைக் காட்டுதற்கு விதிகள் வேண்டுவதில்லை. வலிமை பிறர்க்கு ஊறு செய்யாது பயன்படுதற்கே விதிகள் வேண்டும். இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கும் ஆட்டங்களுள் ஒன்று றக்பி உதைபந்தாட்டமாகும். அவ்வாட்டத்தில் 'ஸ்கிரம்' எனப்படும் பகுதி, பார்ப்போர்க்கு வெறும் மல்லுக்கட்டாகவே தோன்றும். ஆயின், விளையாட்டுலகில் மிக நுணுக்கமாக வகுக்கப்பட்ட ஒழுங்குகளுள் அதுவும் ஒன்று என்பது விதிகளை ஆராய்வார்க்குப் புலனாகும்.

இதன் தோற்றுவாய் இங்கிலாந்தின் பழைய பாடசாலைகளாகும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அப்பாடசாலைகள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனித்த உதைபந்தாட்டமொன்றைப் பேணிவந்தன. பந்தைச் சூழ்ந்து இரு கட்சியாரும் திரண்டு முட்டும் வழக்கம் பலவற்றிற்கும் பொதுவாயிருந்தது. அத்திரளை வின்செஸ்டர் மாணவர் 'ஹொற்' என்றனர். ஈற்றன் மாணவர் 'புலி' என ஒலிக்கும் சொல்லால் வழங்கினர். றக்பி பாடசாலை மாணவர் 1845ஆம் ஆண்டில் தம் ஆட்டவிதிகளைத் தாமே எழுதிவைத்தனர். அக்காலத்தில் எதிரியின் கால்களை உதைத்து முன்னேறுதல் குற்றமன்று. 1871ஆம் ஆண்டில் இலண்டனில் றக்பி உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தபோது அவ்வுதை விலக்கப்பட்டது. திரளின் வரலாறு, அன்று தொட்டு, அதன் வன்மையைக் குறைத்துத் திறமையைக் கூட்டிய வரலாறேயாம்.

இலங்கைப் பாடசாலைகளுக்கு இவ்வாட்டத்தை அறிமுகஞ்செய்தவர் லூயி எட்மண்ட் பிளேஸ் என்பவர். பின்னாளிற் கிங்ஸ்வுட் எனப் பெயர்பெற்ற கண்டிக் கல்லூரியை 1891இல் நிறுவியவர் அவரே. அக்கல்லூரியும் திரினிற்றிக் கல்லூரியும் 1906இல் எதிர்த்தாடின. மலைநாட்டிலோ தோட்டத்துரைமார் தம் கழகங்களில் இதனை வளர்த்தனர். டிம்புளை, டிக்கோயா என்னுமிடங்களைப் போலவே பதுளையிலும் ஊவா ஜிம்கானாக் கழகத்தார் இதனை ஆடினர். தேயிலை பறித்த மக்களின் பிள்ளைகளுக்கு அக்கழகங்களில் இடமிருக்கவில்லை. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஐரோப்பியத் துரைமார் காலமும் முடிவுற்றது. ஆட்டம் மட்டும் நாட்டில் நிலைத்தது. இன்று அதனைக் கற்க விரும்பும் மாணவன் முதலில் அறியவேண்டுவது ஸ்கிரம்மின் ஒழுங்கேயாகும்.

பந்து கைதவறி முன்னே விழுதல், முன்னோக்கி எறியப்படுதல் முதலிய சிறு பிழைகளின் பின் ஆட்டத்தை மீண்டுந் தொடங்கும் முறையே ஸ்கிரம். ஒவ்வோர் அணியிலும் எண்மர் மூன்று வரிசையாக இணைவர். முன்வரிசையில் மூவர். இவருள் நடுவில் நிற்போன் 'ஹூக்கர்'. பந்தைக் காலாற் கொக்கிபோல் வளைத்துப் பின்னே செலுத்துதல் அவன் பணி. அவனை இருமருங்கும் தாங்குவோர் 'புறொப்' எனப்படுவர். அவர்க்குப் பின் நால்வரும், இறுதியில் ஒருவனும் நிற்பர். தேர்வடம் பிடிப்போரின் வலிமை வடத்தின் வழியே ஒன்றாகித் தேரைச் சேர்வது போல, பின்வரிசையாரின் உந்தல் முன்வரிசையாரின் தோள்வழியே ஒருமுகமாகி எதிரணியைச் சேரும்.

இவ்வுந்தலின் அளவை எண்ணிப்பார்த்தல் தகும். ஒவ்வொரு மாணவனும் 60 கிலோகிராம் நிறையுடையவன் எனக் கொள்வோமாயின், ஓரணியின் நிறை 480 கிலோகிராம். இரண்டும் சேர்ந்து 960 கிலோகிராம். இத்துணை நிறையும் பொருந்துமிடம் முன்வரிசையார் அறுவரின் தோளும் கழுத்துமேயாம். திரள் சரிந்து, ஒருவன் தலை நிலத்திற் பட்டு மடிந்திருக்கப் பின்னுள்ளோர் உந்திக்கொண்டேயிருப்பின், கழுத்தெலும்பினூடே செல்லும் முண்ணாண் சிதையக்கூடும். அது சிதையின் கைகால்கள் செயலற்றுப்போகும்; பின்னர் மீட்பரிது. விதிகளின் கடுமைக்குக் காரணம் இதுவே.

ஆதலின் இரு திரள்களும் தம் விருப்பப்படி மோதுதல் ஆகாது. மத்தியஸ்தர் மூன்று கட்டளைகளை முறையே இடுவார். 'குறவுச்' என்றதும் முன்வரிசையார் குனிவர். அப்போது தலையும் தோளும் இடுப்பினுந் தாழ்தல் கூடாது. 'பைண்ட்' என்றதும் புறொப்மார் எதிரியின் மேற்சட்டையை முதுகிலேனும் பக்கத்திலேனும் பற்றுவர். கையையோ கழுத்துப்பட்டியையோ பற்றலாகாது. 'செற்' என்ற பின்னரே பொருந்துவர். பற்றிய பின் பொருந்தும் இம்முறை 2013ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ளது. முன்னர் இடைவெளி விட்டு நின்று பாய்ந்து மோதினர்; இப்போது மோதலின் வேகம் தணிந்தது.

பொருந்திய பின்னும் பந்து உள்ளே வருமுன் உந்துதல் தவறு. ஒன்பதாம் இலக்க ஆட்டக்காரன் இரு முன்வரிசைகட்கும் இடைப்பட்ட வழியில் பந்தை நேராக இடுவான். ஹூக்கர் அதுவரை ஒரு காலை முன்னே ஊன்றி நின்று திரளைத் தடுத்துவைத்தல் வேண்டும். தேர்ச்சில்லுக்கு முட்டுக்கட்டை இடுவோன் பணியை அக்கால் செய்கின்றது. வேண்டுமென்றே திரளைச் சரிப்பவன் தண்டனை உதைக்கு ஆளாவான். திரள் சரிந்தால், யார் பிழையெனினும், மத்தியஸ்தர் உடனே ஊதுகுழலை ஊதி உந்தலை நிறுத்துவார்.

பத்தொன்பது வயதிற்குட்பட்டோர்க்கு விதி இன்னும் இறுக்கமானது. எதிரணியை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளுதல் ஆகாது. வளர்ந்தோர் ஆட்டத்தில் திரள் 90 பாகை திரும்பினாலே மீள அமைக்கப்படும்; இளையோர்க்கு அவ்வெல்லை 45 பாகை. ஓரணியில் ஆள் குறைந்தால் மற்றையதும் அவ்வளவிற்குத் தன் திரளைக் குறைத்தல் வேண்டும்; எனினும் ஐவரிற் குறைதல் கூடாது. முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர் இல்லாதவிடத்து ஸ்கிரம் போட்டியின்றி நடைபெறும். இரு கட்சியும் பொருந்தும், எவரும் உந்தார், பந்தை இட்ட அணியே அதனைப் பெறும்.

போட்டியற்ற ஸ்கிரம்மைக் கோருதல் கோழைமை எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. முன்வரிசையிடம் உடற்பருமனால் அமைவதன்று, பயிற்சியால் அமைவது. அணியைப் பூர்த்திசெய்யும் பொருட்டுப் பருத்த மாணவன் ஒருவனைப் பயிற்சியின்றி அவ்விடத்தில் நிறுத்துதல், ஒரு வெற்றிக்காக ஓர் ஆயுளைப் பணயம் வைப்பதாகும். ஊவாவின் நகரப் பாடசாலையாயினும் தோட்டப் பாடசாலையாயினும், இவ்வாட்டத்தைப் புதிதாகத் தொடங்குமிடத்துப் போட்டியற்ற ஸ்கிரம்மிலிருந்தே தொடங்குதல் அறிவுடைமை. கழுத்து வலுப்பெறவும், பற்றும் முறை படியவும், தோழன் சரியாது தாங்கும் பொறுப்பு உள்ளத்திற் பதியவும் காலம் வேண்டும்.

ஸ்கிரம்மில் ஒருவன் தன் கழுத்தைத் தன் தோழரிடம் மட்டுமன்றி எதிரியிடமும் ஒப்படைக்கின்றான். எதிரி விதியைக் காப்பான் என்னும் நம்பிக்கையன்றி அவனுக்கு வேறு காவலில்லை. அந்நம்பிக்கைக்கு உரியவராய் மாணவரை ஆக்குதலே இவ்விதிகளின் முடிந்த பயனாகும்.