மூட்டத்தில் முகம் தெரியணுமா?

குட்டீஸ்! கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டிக்குச் சுற்றுலா போகிறீர்கள். வெள்ளை வெளேரென்று மேகமூட்டம். வீடியோ கேமராவில் நண்பனைப் படம் பிடிக்கிறீர்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால், முகம் இருட்டாக இருக்கிறது! ஏன் தெரியுமா?

கேமராவுக்கு எது வெள்ளை, எது சாம்பல் என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். மூட்டத்தைக் கண்டதும், 'வெளிச்சம் அதிகம்' என்று தானாகவே குறைத்துவிடும்.

எனவே, எக்ஸ்போஷரை +1 வையுங்கள். இருமடங்கு வெளிச்சம் பதிவாகும். மற்ற அமைப்புகள் மாறாமல் ஐ.எஸ்.ஓ. எண்ணை மட்டும் 100-லிருந்து 200 ஆக நீங்களே மாற்றினாலும் படம் அதே அளவு பளிச்சென்று வரும். 6400 வரை ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும், ஜாக்கிரதை!

வெயில் வந்ததும் மறக்காமல் 0-க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் முகம் வெளுத்துவிடும். முழுதாக வெளுத்த படத்தைப் பிறகு சரிசெய்யவே முடியாது!