ஊர்ப்பேச்சும் நாவற் பரிசும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் நாவற் போட்டியொன்றின் நடுவர் மூவரில் நானும் ஒருவனாய் இருந்தேன். வந்த கையெழுத்துப் பிரதிகளுள் ஒன்று, மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமமொன்றின் கதை. கதைப்போக்கிற் குறையில்லை. ஆனால், உழவரும் அவர்தம் பெண்டிரும் வாய்திறந்த இடமெல்லாம் ஊர்ப்பேச்சாகவே இருந்தது. ‘மறுகா’ என்ற சொல் வருந்தோறும் அதன்கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, ‘பிறகு’ என்று திருத்தினேன். ‘கொச்சை மிகுதி’ என ஓரத்திற் குறித்துப் புள்ளிகளையும் குறைத்தேன். பரிசு வேறொரு நாவலுக்குப் போயிற்று.

அன்று நான் செய்தது பிழையென்பதை எனக்கு உணர்த்தியவர் கி. ராஜநாராயணன்.

தமிழகத்தில், கோவில்பட்டிக்கு அருகேயுள்ள இடைசெவல் ஒரு சிறிய கரிசற் கிராமம். அவ்வூரிற் பிறந்த இளமைத் தோழர் இருவர் இந்தியச் சாகித்திய அக்கடமியின் பரிசைப் பெற்றனர் என்பது வியப்புக்குரியது. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ என்னும் சிறுகதைத் தொகுதிக்கு 1970 இல், அவர் மறைந்த பின்னர், அப்பரிசு கிடைத்தது. கி. ரா. 1991 இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ என்னும் நாவலுக்காக அதனைப் பெற்றார்.

தெற்கே பெயர்ந்து வந்த தெலுங்கு மக்கள் காடழித்து ஊர் சமைத்த வரலாற்றை, 1976 இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ கூறியது. பரிசு பெற்ற நாவல் அவ்வூரின் கதையைச் சுதந்திரப் போராட்ட காலம்வரை கொண்டு செல்கின்றது. ஏட்டுக் கல்வி அதிகமில்லாத உழவர் கி. ரா. தம்மூரார் பேசிய தமிழையே அவர் எழுத்தாக்கினார். அம்மட்டோ? கரிசல் வட்டாரச் சொற்களுக்கென 1982 இல் அகராதியொன்றையும் அளித்தார். நான் கோடிட்டு ஒதுக்கியதைப் போன்ற சொற்களை அவர் தேடிச் சேர்த்து வைத்தார்.

ஈழத்திலும் இவ்வழக்கு நடந்து முடிந்ததே. 1960 களின் தொடக்கத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தின்போது, பேச்சுத் தமிழை ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்தோர் ஒருபுறம். மண்வாசனை வேண்டுமென வாதிட்டோர் மறுபுறம். பின்னர், வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973 இல் வெளிவந்து, சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது.

பரிசினால் ஒரு நாவல் நல்ல நாவலாகிவிடாது என்பது உண்மையே. எனினும், பிரதேச நாவலுக்கு அளிக்கப்படும் பரிசு எழுத்தாளர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ‘உங்கள் பேச்சு ஏட்டில் ஏறத் தகுந்ததே’ என்று ஓர் ஊருக்கே அது சொல்லுகின்றது. பரிசை மறுக்கும்போது நாம் சொல்வது யாது என்பதையும் நடுவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

போட்டி விதிப்படி அந்தப் படுவான்கரைப் பிரதியில் ஆசிரியர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. அவர் பின்னர் ஏதேனும் எழுதினாரோ, பேனாவைக் கீழே வைத்துவிட்டாரோ, அறியேன். அந்த நாவலின் பெயரும் மறந்துவிட்டது. ‘மறுகா’ மட்டும் மறக்கவில்லை.