ஒரே காய்ச்சல், வேறு வேறு சாவுக் கணக்கு

கொள்ளைநோய்க்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். 1918இல் பம்பாய் நகரத்தின் மரணப் பதிவேடு அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆண்டு இன்ஃபுளுயன்சாவில் அங்கிருந்த ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தார்கள். பார்சிகளில் 9 பேர். சாதி இந்துக்களில் ஏறக்குறைய 19 பேர். ‘தாழ்ந்த சாதி’ என்று பதிவேடு குறித்த மக்களிலோ ஆயிரத்துக்கு 61 பேருக்கும் மேல். எல்லோரையும் தாக்கியது ஒரே காய்ச்சல்தான். ஆனால் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஒண்டுக்குடித்தனத்தில் நோயாளியைத் தனியே படுக்கவைக்க இடமேது? வேலைக்குப் போகாத நாளில் அடுப்பெரியாத வீட்டில் ஓய்வுதான் ஏது?

நகரத்துக்கு வெளியே நோயோடு வானமும் சேர்ந்துகொண்டது. ஜூனில் ஓரளவு லேசாக வந்துபோன காய்ச்சல் செப்டம்பரில் உயிர்க்கொல்லியாகத் திரும்பியபோது, மேற்கிலும் மத்தியப் பகுதியிலும் பருவமழை பொய்த்துப் பயிர் காய்ந்திருந்தது. போரால் ஏற்கெனவே ஏறிக்கிடந்த தானிய விலை இன்னும் ஏறியது. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் கொடுமையாக அடிவாங்கின. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் சாவு விகிதம் அதைவிடக் குறைவு. நாடு முழுவதும் 1.2 கோடிக்கும் மேல் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்றைய இந்திய எல்லைக்குள் அடங்கும் பகுதிகளின் தொகை 1911இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

கிழக்கே போகப்போகக் கிருமியே வீரியம் இழந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தள்ளிவிட முடியாத வாதம். மாகாணங்களுக்கிடையிலான வேறுபாட்டில் அதற்கும் பங்கிருக்கலாம். ஆனால் பம்பாய்க்குள் அந்த விளக்கம் நிற்காது. அதே வாரங்களில், அடுத்தடுத்த தெருக்களில், 8 எப்படி 61 ஆனது? அக்காலத்துப் பதிவுகளை நம்பலாமா என்பது இன்னொரு கேள்வி. கிராமப் பதிவுகளில் ஓட்டைகள் அதிகம் என்பது உண்மை. ஆனால் அப்படி விட்டுப்போவது பெரும்பாலும் இல்லாதவர்களின் சாவுதான். அவற்றையும் சேர்த்தால் இடைவெளி கூடுமே தவிர, சுருங்க வழியில்லை.

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் கனமாகப் படுவது வேறொன்று. அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்தக் காய்ச்சலுக்கு ஆண்களே அதிகம் பலியானார்கள், இந்தியாவில் பெண்கள். படுத்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும் அவர்கள்தான், பஞ்ச காலத்தில் எல்லோரும் உண்டபின் பானையில் மிஞ்சியதை உண்டதும் அவர்கள்தான்.